ஊட்டியில் பனிப்பொழிவாம்!

தலைகுந்தாக்காரன்
நேற்று இந்தக் குழுவில் 'பதிவுப் பட்டறை' என்ற தம்பி எழுதியதைப் படித்தீர்களா? படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். "அறை வாடகைக்கு விடுகிறவர்களே, இணையத்தில் என்ன எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கூகுளில் மக்கள் எதைத் தேடுகிறார்களோ அதையே தலைப்பாக வையுங்கள். ஒரே மாலையில் 30 பதிவுகளுக்கு யோசனை சேர்ந்துவிடும். டிசம்பருக்கு முதல் தலைப்பு: ஊட்டியில் பனிப்பொழிவு." இதற்கு நாற்பத்தாறு பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

ஊட்டியில் எந்த வருடம் ஐயா பனி பொழிந்தது? இங்கே வருவது உறைபனி. வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் தரை குளிர்ந்து, விடியும்போது புல்மேல் உப்புத் தூவியதுபோல் படியும். எட்டரை மணி வெயிலுக்குக் காணாமல் போய்விடும். பொழிவது இல்லை, படிவது.

போன டிசம்பரில் தஞ்சாவூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் கையுறை, கம்பளித் தொப்பி, கூடவே ஒரு சின்ன வாளி. வாளி எதற்கு என்று கேட்டேன். பனி மனிதன் செய்வதற்காம். எங்கோ ஒரு விடுதியின் இணையப் பக்கத்தில் 'பனிப்பொழிவு' என்று படித்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறார்கள். அந்த விடுதியில் இடம் இல்லாமல், ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் அறை வாடகைக்கு விடும் என்னிடம் வந்து சேர்ந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு அந்தச் சின்னவன் என் தோட்டத்தில் வெறும் வாளியோடு நின்றான். நான் எழுதாத பொய்க்கு நான் பதில் சொன்னேன்.

பதிவுப் பட்டறை
அண்ணா, வணக்கம். பெயர் சொல்லித் திட்டியதற்கு நன்றி, நேற்றிலிருந்து என் பக்கத்துக்கு ஆள் வரத்து கூடியிருக்கிறது.

நான் நடத்துவது தமிழ் வகுப்பு இல்லை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஒன்பது விடுதிகளுக்கு எழுதிக் கொடுக்கிறேன். வாடிக்கையாளர் எந்தச் சொல்லைத் தட்டுகிறாரோ அந்தச் சொல்லில்தான் கடையைத் திறக்க வேண்டும். மதுரைக்காரர் 'உறைபனி' என்று தட்டமாட்டார். வானிலை ஆய்வு மையத்தில் வேலை பார்ப்பவர் தட்டலாம். கூகுள் ட்ரெண்ட்ஸில் போட்டுப் பாருங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் 'ஊட்டி பனிப்பொழிவு' 100.

தலைகுந்தாக்காரன்
நூறு என்றால் நூறு பேரா, நூறு ஆயிரம் பேரா, நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணா? தம்பி, ட்ரெண்ட்ஸ் காட்டுவது எண்ணிக்கை இல்லை. ஒரு சொல் எந்த வாரத்தில் அதிகம் தேடப்பட்டதோ அந்த வாரத்துக்கு 100 கொடுத்து, மற்ற வாரங்களை அதோடு ஒப்பிட்டுக் காட்டும். எங்கள் ஊர் பிஸ்கட் 'வர்க்கி' என்று தனியாகப் போட்டாலும் அதன் உச்சம் 100தான். இதைச் சொல்லித்தான் ஒன்பது பேரிடம் பணம் வாங்குகிறீர்களா?

பேச்சு இப்போது அதுவும் இல்லை. பனிப்பொழிவு ஊட்டியில் இல்லை. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பதிவுப் பட்டறை
100 என்பது எண்ணிக்கை என்று நான் எங்கே சொன்னேன்? எடுத்துக் காட்டுங்கள்.

ஏரிச்சாலை அக்கா
கொடைக்கானலிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஊரிலும் பாம்பார்புரம், கீழ்பூமி பக்கம் உறைபனி படியும். ஒருமுறை சித்திரையில் ஆலங்கட்டி மழை கொட்டி மைதானம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதைப் படம் பிடித்து 'கொடையில் பனிப்பொழிவு' என்று ஒருவர் ஏற்றிவிட்டார். கோடை வெயிலில்! இரண்டு நாள் எனக்குத் தொலைபேசி ஓயவில்லை. "பனி இன்னும் இருக்கிறதா அக்கா?" என்று கேட்டவர்களிடம் நான் என்ன சொல்வது? தம்பி சொல்வது தப்பு.

ஆனால் தலைகுந்தா அண்ணா, நீங்களும் கொஞ்சம் இறங்கி வாருங்கள். உறைபனி ஊட்டிக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லை.

தலைகுந்தாக்காரன்
அக்கா, சொத்து என்று நான் சொல்லவே இல்லை. ஆனாலும் ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் அதைவிட நூறு மீட்டராவது கீழே. அதை நான் சொல்லவில்லை, மலை சொல்கிறது.

ஏரிச்சாலை அக்கா
மன்னவனூருக்கு ஒரு மார்கழி விடியலில் வாருங்கள், மலை வேறு என்ன சொல்கிறது என்று காட்டுகிறேன். கூட்டமும் குப்பையும் போக்குவரத்து நெரிசலும் உயரத்தோடு சேர்ந்து வருகிறதென்றால் ஊட்டிதான் உயரம், ஒப்புக்கொள்கிறேன்.

கூடலூர் தமிழாசிரியர்
ஓய்வு பெற்றவன் என்பதால் தலையிடுகிறேன். தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தபோது மார்கழி, தை இரண்டையும் முன்பனி என்றும் மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் வைத்தார்கள். அந்தப் பனி வேறு, ஐரோப்பாவில் கொட்டும் பனி வேறு. பொழிதல் என்றால் மேலிருந்து கீழே வருதல். மழை பொழியும். உறைபனி இருந்த இடத்திலேயே உருவாவது. ஆகவே 'பனிப்பொழிவு' பிழை.

பதிவுப் பட்டறை
ஐயா, தலைவணங்குகிறேன். ஒரே ஒரு சந்தேகம். "மார்கழிப் பனி கொட்டுகிறது, தலையில் துண்டைப் போட்டுக்கொள்" என்று என் ஆச்சி சொல்வார். கோவையிலும் தருமபுரியிலும் விடியற்காலையில் எதிரே வரும் லாரி தெரியாவிட்டால் நாளிதழ்கள் 'கடும் பனிப்பொழிவு, வாகன ஓட்டிகள் அவதி' என்றுதான் போடுகின்றன. அங்கெல்லாம் என்ன, இமயமலையா இருக்கிறது? தமிழில் பனி கொட்டும், பெய்யும், பொழியும். ஆச்சி பிழையா, ஐயா பிழையா?

கூடலூர் தமிழாசிரியர்
ஆச்சியை இழுக்க வேண்டாம். பேச்சு வழக்கு வேறு.

பதிவுப் பட்டறை
நாளிதழும் பேச்சு வழக்கா ஐயா?

கேள்விக்குறி
அனைவருக்கும் பணிவான வேண்டுகோள். 'பனிப்பொழிவு' என்று நீங்கள் ஒவ்வொருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் ஒரு வரியில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் அல்லவா? பனித்துளியா, மூடுபனியா, உறைபனியா, வெண்பனியா?

தலைகுந்தாக்காரன்
தம்பி பதிவுப் பட்டறை, நாளிதழ் தருமபுரியைப் பற்றி எழுதும்போது யாரும் வாளியோடு தருமபுரிக்குக் கிளம்புவதில்லை. நீங்கள் எழுதுவது அறை விற்க. இணையப் பக்கத்தில் நீங்கள் வைத்த படத்தில் என்ன இருக்கிறது? தேவதாரு மரங்களும் முழங்கால் அளவு வெண்பனியும். அது எந்த ஊர்? நீலகிரியிலேயே உயரமான தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான், அங்கேயும் முழங்கால் பனியை எவரும் கண்டதில்லை.

யோசனை எப்படிச் சேர்ப்பது என்று நான் சொல்கிறேன், காசு வேண்டாம். என் வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. அழைப்பவர் என்ன கேட்டாலும் அவர் சொன்ன சொல்லிலேயே மனைவி எழுதி வைப்பாள். "மலை ரயிலுக்கு மேட்டுப்பாளையத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை, குன்னூரில் ஏறலாமா?" "தண்ணீர் பாட்டில் கொண்டு வந்தால் சோதனைச் சாவடியில் பிடுங்குவார்களா?" "கைக்குழந்தைக்கு இரவு இரண்டு மணிக்கு வெந்நீர் கிடைக்குமா?" 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது ஒரே வாரத்தில் நான்கு பக்கம் நிரம்பியது. பேருந்தில் வந்தால் வேண்டுமா, உள்ளூர் வண்டிக்கு வேண்டுமா, வேறு மாவட்டத்தில் பதிவான வண்டி வைத்திருக்கும் ஊட்டிக்காரர் என்ன செய்வது என்று கேள்விக்கு மேல் கேள்வி. ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவு. இதற்குக் கணினிகூடத் தேவையில்லை, காது இருந்தால் போதும்.

பதிவுப் பட்டறை
நல்ல நோட்டு அண்ணா. ஆனால் அதில் இருப்பவர்கள் ஏற்கெனவே உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தவர்கள். உங்களைத் தெரியாதவரை எப்படிக் கொண்டு வருவீர்கள்? அதற்குத்தான் தேடல் சொல். தேடல் பெட்டியில் 'ஊட்டி' என்று தட்டி ஒரு இடைவெளி விட்டால் கூகுளே பத்துப் பரிந்துரை காட்டும். அ, ஆ, இ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் புதிதாக வரும். உங்கள் மனைவி ஒரு வருடம் எழுதியதை நான் ஒரு மாலையில் எடுத்துவிடுவேன். அப்புறம், நோட்டில் யாராவது 'உறைபனி எப்போது' என்று கேட்டிருக்கிறார்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

தலைகுந்தாக்காரன்
கேட்டிருக்கிறார்கள்.

பதிவுப் பட்டறை
அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுவதாகச் சொன்னீர்களே. எந்தச் சொல்?

மேட்டுப்பாளையம் மண்டி
அண்ணன் பதில் எழுத இரண்டு மணி நேரமாகிறது. நோட்டைத் தேடுகிறார் போலும்.

தலைகுந்தாக்காரன்
நோட்டைத் தேடவில்லை, மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்தேன். சிலர் 'ஸ்னோ' என்று கேட்டிருக்கிறார்கள், சிலர் 'பனி' என்று கேட்டிருக்கிறார்கள். 'பனிப்பொழிவு' மூன்று இடத்தில் இருக்கிறது, இருக்கட்டுமே. கேட்பவர் தெரியாமல் கேட்கிறார். தெரிந்த நாம் அவரைத் திருத்தி அனுப்ப வேண்டும். என் பதிவின் தலைப்பே 'ஊட்டியில் பனிப்பொழிவு கிடையாது, உறைபனி உண்டு, ஆறு மணிக்கு எழுந்தால் பார்க்கலாம்' என்பதுதான்.

பதிவுப் பட்டறை
ஆக, உங்கள் தலைப்பிலும் 'ஊட்டியில் பனிப்பொழிவு' என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறீர்கள். நன்றி அண்ணா.

தலைகுந்தாக்காரன்
'கிடையாது' என்ற சொல்லை விழுங்கிவிட்டு நன்றி சொல்கிறான் பாருங்கள். வல்லவன்தான்.

திருட்டைப் பற்றியும் பேசிவிடுவோம். போன ஜனவரியில் என் தேயிலைச் செடிகள்மேல் உறைபனி படிந்ததை ஐந்தே முக்காலுக்கு எழுந்து படம் எடுத்தேன். அந்தப் படம் இந்தத் தம்பி எழுதிக் கொடுக்கும் ஒரு விடுதியின் பக்கத்தில் இருக்கிறது. படத்தின் வலது ஓரத்தில் எங்கள் மணியின் வால் தெரியும்.

பதிவுப் பட்டறை
எல்லா நாய்க்கும் வால் இருக்கும் அண்ணா.

தலைகுந்தாக்காரன்
மணியின் வால் நுனி வெள்ளை.

ஏரிச்சாலை அக்கா
பக்கத்தைப் பார்த்தேன். வால் நுனி வெள்ளைதான்.

பதிவுப் பட்டறை
விடுதிக்காரர் கொடுத்த படம். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். பனியைப் பற்றிப் பேச முடியாமல் போனதும் நாயைக் கொண்டு வருகிறார்கள்.

தலைகுந்தாக்காரன்
பனியைப் பற்றியே பேசுவோம், நான் ஓடவில்லை. கூகுள், தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்துச் சொல்லும் தன் மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில் 2022 டிசம்பரில் ஒரு சொல்லைச் சேர்த்தது: அனுபவம். எழுதியவர் அந்த இடத்துக்குப் போனாரா, அந்தப் பொருளைத் தொட்டாரா என்று பார்க்கச் சொல்கிறது. 2024 மார்ச்சில் இன்னொன்றும் சொன்னது. தேடல் வரிசையில் மேலே வருவதற்காக மட்டும் பயனற்ற பக்கங்களைக் கத்தை கத்தையாகச் செய்தால், மனிதன் செய்தாலும் எந்திரம் செய்தாலும் அது குப்பையாகவே கருதப்படும் என்று. தம்பி அந்த ஒன்பது விடுதிக்கும் எழுதிய பக்கங்களை வரிசையாகப் படித்தேன். விடுதிப் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் மாறுகின்றன. எல்லாவற்றிலும் "இயற்கை அன்னையின் மடியில்". ஒன்பது விடுதிக்கும் ஒரே மடி! குன்னூர் மார்க்கெட் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் விடுதிக்கும் அதே மடி.

சட்டமும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் உண்டு. தஞ்சாவூர்க்காரர் நல்லவர், வாளியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

பதிவுப் பட்டறை
ஒரு சொல்லுக்குப் பத்து லட்சமா! நீங்கள் 'மலைக்காற்றில் மனம் தொலையும்' என்று உங்கள் பலகையில் எழுதியிருக்கிறீர்களே, தொலைந்த மனத்துக்கு யாராவது வழக்குப் போட்டார்களா?

மேட்டுப்பாளையம் மண்டி
நான் விற்பது பூண்டும் உருளைக்கிழங்கும். எனக்கு இதில் லாபமோ நட்டமோ இல்லை. ஆனால் உறைபனி விழுந்தால் மேலே இருப்பவர்கள் விடியுமுன் தெளிப்பானைத் திறந்து காய்கறிப் பயிரைக் கழுவுகிறார்கள், தேயிலை கருகி நிற்கிறது. உங்களுக்கு அது பதிவு. அவர்களுக்கு அது வயிற்றெரிச்சல். அதை எவனும் எழுதக் காணோம்.

தலைகுந்தாக்காரன்
நான் எழுதினேன் மண்டிக்காரரே. கருகிய தேயிலையைப் படம் பிடித்து, ஏன் செம்பட்டை நிறமாகிறது என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஆறு பேர் படித்தார்கள். அதில் ஒருவர் நீங்கள்.
மேலும், உறைபனி 'விழுந்தால்' இல்லை. படிந்தால்.

மேட்டுப்பாளையம் மண்டி
நாற்பது வருடமாக மலையிலிருந்து வரும் ஒவ்வொரு விவசாயியும் 'பனி விழுந்துவிட்டது' என்றுதான் என்னிடம் சொல்லி விலையைக் கூட்டுகிறான். அவர்களுக்கும் பாடம் நடத்துங்கள்.

பதிவுப் பட்டறை
மண்டி அண்ணன் வாழ்க. விழுந்தால் விழட்டும், பொழிந்தால் மட்டும் குற்றமா?

கூடலூர் தமிழாசிரியர்
விழுதல் வேறு, பொழிதல் வேறு. இதை நான் எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இங்கே என்னிடம் படித்தவர்கள் இருவர் இருக்கிறார்கள், வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

கேள்விக்குறி
நான் முன்பே கேட்டிருந்தேன், ஒரு வரியில் பொருள்...

சேலத்துப் பயணி
குழுவுக்குப் புதியவன். வரும் 27ஆம் தேதி நான்கு பேர் வருகிறோம். தலைகுந்தா பக்கம் அன்று பனி விழுமா? இரண்டு அறை கிடைக்குமா? ஓர் இரவுக்கு வாடகை எவ்வளவு?

பதிவுப் பட்டறை
பார்த்தீர்களா! வாடிக்கையாளரே வந்து 'விழுமா' என்று கேட்டுவிட்டார்.

தலைகுந்தாக்காரன்
சேலத்து ஐயா, வணக்கம். அறை இருக்கிறது, வாடகையைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். அதற்குமுன் இந்தத் தம்பிக்கு ஒன்று. 'விழுமா' என்று கேட்டாரே தவிர, 'பொழியுமா' என்று கேட்டாரா?