எம்.எஸ்.டபிள்யூ. முதல் பருவத்தில் ஜி.பி.ஏ. 2.75, அகாடமிக் புரோபேஷன்: வழிகாட்டுதல் தேவை

கேள்வி:

வணக்கம். எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்காவில் முதலாண்டு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கிறேன். முதல் பருவத்தில் 3 கிரெடிட் பாடங்கள் நான்கில் பி பிளஸ், பி, பி மைனஸ், சி என்று வந்ததால் ஜி.பி.ஏ. (4.0 அளவில் மதிப்பெண் சராசரி) 2.75 ஆகிவிட்டது. குறைந்தது 3.0 வேண்டும் என்ற விதிப்படி என்னைப் புரோபேஷனில் (மதிப்பெண்ணை உயர்த்தக் கெடு வைக்கும் எச்சரிக்கை நிலை) வைத்திருப்பதாகத் துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. களப்பணியில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். அடுத்த பருவத்தில் மூன்று பாடங்களும் களப்பணியும் உள்ளன. விசாவுக்குப் பாதிப்பு வருமா? ஒரு பாடத்தை விட்டுவிட்டுச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மிகவும் கலக்கமாக இருக்கிறது.

பதில் 1 (எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்):

சகோதரி, புரோபேஷனில் இருப்பதால் மட்டும் எஃப்-1 நிலை போய்விடாது. படிப்பிலிருந்து நீக்கப்பட்டாலோ, அனுமதியில்லாமல் முழுநேரச் சுமைக்குக் கீழே இறங்கினாலோதான் அது கைமீறும். ஆகவே எந்தப் பாடத்தையும் விடுவதற்கு முன் உங்கள் டி.எஸ்.ஓ.வின் (பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களின் விசா நிலையைக் கவனிக்கும் அலுவலர்) ஒப்புதல் செவிஸில் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு அமைப்பு) பதிவாகியிருக்க வேண்டும். பேராசிரியர் சரி என்று சொன்னது போதாது. படிப்புச் சிரமத்துக்காக இந்தச் சலுகையை ஒரு படிப்பு நிலைக்கு ஒருமுறைதான் தருவார்கள். அப்போதும் முழுச் சுமையில் பாதியாவது படித்தாக வேண்டும்.

கணக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள். பெரும்பாலான துறைகளில் களப்பணிக்குத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே போடுவதால் அது ஜி.பி.ஏ.வை உயர்த்தாது. அடுத்த பருவத்தின் மூன்று பாடங்களுக்கான 9 கிரெடிட்டில் சராசரி 3.33 எடுத்தால்தான் மொத்தம் 3.0-ஐத் தொடும். மூன்றிலும் பி பிளஸ் (3.3) வாங்கினால் 2.99-இல் நின்றுவிடும், அவற்றில் ஒன்றாவது ஏ மைனஸ் ஆக வேண்டும்.

கேட்டவர்:

மிக்க நன்றி அண்ணா. சி வந்தது 'பிராக்டிஸ்' (சமூகப்பணி செய்முறை) பாடத்தில்தான். அதை மறுபடி எடுத்தால் பழைய மதிப்பெண் நீங்கிவிடுமா?

பதில் 2 (களப்பணி மேற்பார்வையாளர்):

சில பல்கலைக்கழகங்கள் புதிய மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்கின்றன, சில இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. உங்கள் மாணவர் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முடிவு. ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தருவது களப்பணிதான். பல துறைகளில் பிராக்டிஸ் பாடமும் களப்பணியும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், பாடத்தை விட்டால் நிறுவனத்தில் உங்களுக்குக் கிடைத்த இடத்தையும் விட நேரிடலாம். சி.எஸ்.டபிள்யூ.இ. (அமெரிக்கச் சமூகப்பணிக் கல்வி அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்புக்குக் களப்பணி குறைந்தது 900 மணி நேரம் வேண்டும் என்பதால், இழந்த மணிகளை ஈடுகட்டப் படிப்புக்காலம் நீளும். ஐ-20-இல் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) உள்ள முடிவுத் தேதிக்குள் முடியாது என்றால் அந்தத் தேதி கடக்குமுன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

மாணவர்களை எப்படி மதிப்பிடுகிறார்கள், முறையீடு செய்ய என்ன வழி என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய பொறுப்பு சி.எஸ்.டபிள்யூ.இ. தரநெறிகளின்படி துறைக்கு உண்டு. ஆகவே தயங்காமல் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: புரோபேஷன் எத்தனை பருவம், அதற்குள் எந்த ஜி.பி.ஏ. வேண்டும், எட்டாவிட்டால் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள். கல்வி ஆலோசகரையும் களப்பணி அலுவலகத்தையும் டி.எஸ்.ஓ.வையும் ஒரே வாரத்தில் சந்தித்துவிடுங்கள். பாடம் சேர்க்கவும் விடவும் தரப்படும் காலக்கெடு பருவத் தொடக்கத்திலேயே முடிந்துவிடும்.