மறு: கிராபீனுக்குத் தமிழ்ச்சொல் – ‘கரியேடு’ யாருக்குப் பெயர்?

அவையோர்க்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பு அச்சுக்குப் போக வேண்டும். ஓரணுத் தடிமன் மட்டுமே உள்ள கார்பன் படலமான கிராபீனுக்குக் ‘காரீயத்தாள்’, ‘வரைகரி’, ‘கரியேடு’ என மூன்று சொற்கள் இந்த அவையில் முன்வைக்கப்பட்டன. நாம் இன்னும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே வாதிடுகிறோம். நூலிலோ அடுத்த பக்கத்திலேயே அதன் உறவினர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள்.

‘காரீயத்தாள்’ வேண்டாம். போகலைச் சுரங்கத்தில் வெட்டியெடுப்பதை இலங்கையில் காரீயம் என்பார்கள். சிவகங்கையில் கிடைக்கும் அதே பொருள், பென்சில் முனையில் இருக்கும் கார்பன், தமிழ்நாட்டில் நமக்குக் கிராபைட். காரீயம் என்றால் இங்கே ஈய உலோகம். இரு கரையிலும் படிக்கப்போகும் நூல் இது.

‘வரைகரி’ அழகான சொல். எழுதுதல் என்னும் கிரேக்க வேரிலிருந்து 1789-இல் ஜெர்மானிய நிலவியலாளர் வெர்னர் கிராபைட்டுக்குப் பெயரிட்டதை, இச்சொல்லை முன்வைத்த ஐயா மூன்று மடல்களில் விளக்கினார். ஆனால் அது கட்டிக்குப் பொருந்தும் பெயர். ஓரணுத் தடிமன் உள்ள படலத்துக்கு அன்று.

‘கரியேடு’ என் மனத்துக்கு நெருக்கமானது. பாலேட்டின் மென்மையும் ஓலையேட்டின் எழுத்துறவும் அதில் இருக்கின்றன. 2004-இல் மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராபைட்டிலிருந்து கிராபீனாக உரித்தெடுத்ததும் ஏடுதானே!

சிக்கல் இதற்குப் பிறகுதான். கிராபீன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒவ்வொரு கார்பனிலும் ஒரு ஹைட்ரஜன் ஏறினால் அது கிராபேன், மின்கடத்தாப் பொருள். சூடேற்றினால் ஹைட்ரஜன் விலகி மீண்டும் கிராபீனாகிவிடும். கார்பன்களுக்கிடையே மும்மைப் பிணைப்பு கலந்தால் கிராபைன். அதன் கிளையான கிராப்டையைனைச் சீன வேதியியலாளர்கள் 2010-இல் செம்புத் தகட்டின்மேல் வளர்த்தார்கள்; அது குறைக்கடத்தி. எல்லாமே கரியேடுகள்தாம். எதை எந்தக் கருவியில் வைப்பது என்று படிக்கும் மாணவருக்கு பீன், பேன், பைன் என மாறும் அந்த ஓர் உயிரெழுத்துதான் வழிகாட்டி. பிணைப்புக்கேற்ப ஈறு மாறும் ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் என்று பள்ளியிலேயே பழகிய காது அவருடையது. அதை ஏன் வீணாக்க வேண்டும்?

ஆகவே கரியேடு இனப்பெயராக இருக்கட்டும். தனிப்பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவே நிற்கட்டும்.

ஆய்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாடநூல் ‘கிராஃபீன்’ என்று அச்சிடுவது தெரியும். தொல்காப்பியர் ஆய்தத்துக்கு இடம் கொடுத்தது குறிலுக்குப் பின்னால். இங்கே முன்னிற்பதோ ‘ரா’ என்னும் நெடில். ஆய்தமின்றியே எழுதுகிறேன்.

இனப்பெயர் தமிழில், தனிப்பெயர் ஒலிபெயர்ப்பில் என்ற இந்த ஏற்பாட்டுக்கு இதுவரை ஐவர் இசைந்திருக்கிறார்கள். ‘கரியேடீன், கரியேடேன்’ என்று வேரையாவது தமிழாக்கலாம் என்ற அம்மா இன்னும் இணங்கவில்லை. ஏட்டோடு ஈறு சேரும்போது நாக்கு தடுக்குகிறது என்பதே என் மறுப்பு. இதைவிட எளிதாக ஒலிக்கும் வடிவத்தை வியாழன் இரவுக்குள் அனுப்பினால் கலைச்சொல் பட்டியலில் இணைச்சொல்லாகக் கட்டாயம் சேர்ப்பேன்.