சொந்த வாழ்க்கை காமிக்ஸ்: ஃபோனில் எழுத்து தெரியவில்லை, ஜெராக்ஸில் நிழல் கறுக்கிறது. எந்த அளவில் வரைவது?

பாலக்கோட்டுப் பேனா:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலும் பஸ்ஸிலும் நடக்கிற சின்ன விஷயங்களை ஒரு பக்க காமிக்ஸாக வரைகிறேன். 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எடை எண்) ஏ4 தாள், பக்கத்துக்கு ஆறு கட்டம், ஜெல் பேனா, பென்சில் நிழல், கடைசியில் ஃபோனில் ஒரு படம். இன்ஸ்டாகிராமில் போட்டால் விரலால் பெரிதாக்கித்தான் படிக்க முடிகிறது. ஜெராக்ஸ் எடுத்தால் நிழல் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடுகிறது. தருமபுரி புத்தகத் திருவிழாவில் நண்பர்களுக்குக் கொடுக்க ஒரு குட்டிப் புத்தகம் போடவும் ஆசை. ஃபோன், தாள் இரண்டுக்கும் ஒத்துவருகிற அளவு ஏதாவது உண்டா? டேப்லெட் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. இன்னொன்று: வீட்டு ஆட்களை வரையும்போது எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

மைக்கூடு:
கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபோன் திரையின் அகலம் ஏறக்குறைய 65 மி.மீ. ஏ4 தாளின் அகலம் 210. முழுப் பக்கத்தையும் ஒரே படமாகப் போட்டால் எல்லாம் 31 சதவீதமாகச் சுருங்கும். நீங்கள் 4 மி.மீ. உயரத்தில் எழுதினாலும் திரையில் 1.2 மி.மீ.தான். தமிழ் எழுத்து 2 மி.மீ.க்குக் கீழே போனால் ண, ன வித்தியாசம்கூடப் பிடிபடாது.

அதனால் பக்கத்தைப் போடாதீர்கள், கட்டத்தைப் போடுங்கள். ஏ4 தாளில் நான்கே கட்டம். ஒவ்வொன்றும் 88 மி.மீ. அகலம், 110 மி.மீ. உயரம், நடுவில் இடைவெளி 6. பக்கவாட்டில் 14 மி.மீ. மிஞ்சும். மேலே 45 மி.மீ. தலைப்புக்கு, கீழே 26. 88க்கு 110 என்பது சரியாக 4:5 விகிதம், இன்ஸ்டாகிராமின் 1080க்கு 1350 பிக்சலில் வெட்டாமல் உட்காரும். ஒரு பதிவில் 20 படம் வரை போடலாம் என்பதால் நான்கு கட்டமும் தலைப்பும் தாராளமாக அடங்கும்.

இந்த அளவில் 4 மி.மீ. எழுத்து ஃபோனில் 2.9 மி.மீ. ஆகத் தெரியும். அதே பக்கத்தை 71 சதவீதத்தில் ஏ5 ஆகச் சுருக்கினால் 2.8. இரண்டிலும் படிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இன்ஸ்டாகிராமில் உங்கள் ப்ரொஃபைல் பக்கத்தில் சின்னப் படங்கள் இப்போது 3:4 விகிதத்தில் தெரிகின்றன. அங்கே முதல் படத்தின் இரு ஓரத்திலும் ஏறக்குறைய 3 மி.மீ. மறையும். தலைப்பை ஓரத்தில் ஒட்டி எழுதாதீர்கள்.

தாளையும் மாற்றுங்கள். 75 ஜிஎஸ்எம்மில் மை ஊறிக் கோடு தடித்துவிடும். 140 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது ஓவியம் வரைகிற தடித்த தாள் போதும். ஜெல் பேனா மேல் ரப்பர் ஓடினால் இழுவும், கறுப்பும் சாம்பலாகும். நீர்புகா பிக்மென்ட் பேனாவில் 01, 05, 08 (முனையின் தடிமன் எண்) மூன்றும் வாங்கினால் ஆரம்பத்துக்குப் போதும்: 05 உருவத்துக்கும் எழுத்துக்கும், 08 கட்டக் கோட்டுக்கும் வசனம் எழுதும் பலூனுக்கும், 01 தூரத்து மலைக்கு மட்டும். ஷெல்லாக் கலந்த இந்தியன் இங்க்கை ஃபவுன்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தொட்டெழுதும் நிப்பில்தான் பயன்படுத்த வேண்டும்.

ஓசூர்க் கட்டம்:
மைக்கூடு சொன்ன அளவு சரி. ஆனால் நாலும் ஒரே அளவுக் கட்டம் என்றால் பத்தாவது காமிக்ஸில் வாசிப்பவருக்குச் சலித்துவிடும். ஒகேனக்கல் அருவி, கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மாதிரி அகலம் கேட்கிற காட்சி வந்தால் மேல் வரிசை இரண்டையும் சேர்த்து 182க்கு 110 என ஒரே கட்டமாக்குங்கள். ஃபோனுக்கு அதை இரண்டு படமாக வெட்டும்போது நடு 6 மி.மீ. போய்விடும். அந்த இடத்தில் முகமோ எழுத்தோ வேண்டாம், பாறையோ தண்ணீரோ இருக்கட்டும்.

முக்கியமான விஷயம் வரிசை. பெரும்பாலோர் படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் பலூனைத் திணிக்கிறார்கள். தமிழுக்கு அது ஆகாது. ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்தால் ஓர் எழுத்தே மூன்று எழுத்து இடத்தைப் பிடிக்கிறது. 4 மி.மீ. எழுத்தில் 70 மி.மீ. பலூனுக்குள் வரிக்குப் பதினைந்து எழுத்து, அதாவது இரண்டு சொல், சில நேரம் மூன்று. நாலு வரிக்கு மேல் போனால் பலூன் கட்டத்தில் பாதியைத் தின்றுவிடும். எனவே முதலில் வசனத்தை எழுதுங்கள். கட்டத்துக்குப் பத்துச் சொல்லுக்குள் அடக்குங்கள். அதைப் பென்சிலில் எழுதி, சுற்றி பலூன் போட்டு, மிஞ்சிய இடத்தில் ஆளை நிறுத்துங்கள். பேச்சு வழக்கிலேயே எழுதினால் பாதி இடம் மிச்சம். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ ஒரு வரியை முழுசாக அடைக்கும், ‘போறேன்’ அடைக்காது.

சொல்லை வரிக் கடைசியில் உடைக்காதீர்கள். வரிகளுக்கு நடுவே எழுத்து உயரத்தில் பாதியாவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மேல் வரியின் மூ, ஞு வால் கீழ் வரியின் கொக்கியில் போய் மாட்டும்.

எங்கள் பக்கம் ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். அந்த வசனத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதலாம். அடிக்குறிப்பு போட்டு இடத்தை வீணாக்காமல், பதில் சொல்பவரின் பேச்சிலேயே பொருள் விளங்கும்படி செய்தால் போதும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் முழுவதையும் அடைக்க வேண்டாம், ஒரு சம்பவம் போதும். ராயக்கோட்டை சந்தையில் தக்காளி விலை கேட்டுத் திரும்பியது ஒரு காமிக்ஸ். சந்தைக்குப் போனது, பஸ் பிடித்தது, வீட்டில் சண்டை வந்தது எல்லாம் சேர்ந்தால் அது நாட்குறிப்பு, நாலு கட்டத்தில் நிற்காது. இடமும் நேரமும் முதல் கட்டத்திலேயே தெரிந்துவிட வேண்டும். அதைப் படமே சொல்லட்டும், ‘காலை 7 மணி, பாலக்கோடு பஸ் நிலையம்’ என்று பெட்டி போட்டு எழுதுவது கடைசி வழி.

தகடூர் நகல்:
ஜெராக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஜெராக்ஸ் மெஷினுக்குக் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. சாம்பலை அது புள்ளிகளாக உடைத்துத்தான் காட்டும். பென்சில் நிழல் சீரற்ற சாம்பல் என்பதால் திட்டாகிறது. நிழலைப் பேனாக் கோடுகளாகப் போடுங்கள். ஏ4 மூலத்தில் கோட்டுக்குக் கோடு 1 மி.மீ. இடைவெளி. அரை மி.மீ.க்கு நெருக்கினால் ஏ5 ஆகச் சுருங்கும்போது அடைத்துக் கறுப்பாகிவிடும். பெரிய கறுப்புப் பரப்பை மடிப்பு விழும் இடத்தில் வைக்காதீர்கள், டோனர் உதிர்ந்து வெள்ளைக் கீறல் விழும்.

ஃபோன் படத்தை விட்டுவிட்டு ஸ்கேன் எடுங்கள். கடையில் கேட்கும்போது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), கலர் என்று சொல்லுங்கள். கறுப்பு வெள்ளைக் காமிக்ஸுக்கு ஏன் கலர்? அடிப்படத்தை வெளிர் நீலப் பென்சிலில் போட்டால் ரப்பரே தேவையில்லை. ஸ்கேனில் நீலச் சானலை மட்டும் எடுத்தால் நீலக் கோடு கிட்டத்தட்ட மறைந்து மை மட்டும் நிற்கும். பிறகு த்ரெஷோல்ட், அதாவது சாம்பலை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கறுப்பு அல்லது வெள்ளையாக மாற்றுவது. இதெல்லாம் கிம்ப் என்கிற இலவசப் படத் திருத்த மென்பொருளிலேயே முடியும். 88 மி.மீ. கட்டம் 600 டிபிஐயில் 2079 பிக்சல் அகலம் வரும். சுத்தம் செய்து முடித்த பிறகே 1080க்குக் குறையுங்கள்.

இங்கேதான் தமிழுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. தூசியை நீக்கும் வடிகட்டியை ஓட்டினால் மெய்யெழுத்தின் புள்ளியையும் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். ‘பால்’ போய் ‘பால’ நிற்கும். புள்ளியை 0.8 மி.மீ. அகலத்துக்கு அழுத்தி வையுங்கள், 600 டிபிஐயில் அது 19 பிக்சல். வடிகட்டியை 5 பிக்சலுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஃபோன் ஸ்கேன் ஆப்களின் தானியங்கி சுத்தமும் இதே வேலையைப் பார்க்கும்.

புத்தகத்துக்கு மலிவான வழி: ஒரே ஏ4 தாள், ஒரு பக்க அச்சு, எட்டுப் பக்கம், ஸ்டேப்ளர் வேண்டாம். தாளைப் படுக்கையாக வைத்து எட்டாகப் பிரியுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலம் 6, 7, 8, 1. மேல் வரிசையில் இடமிருந்து வலம் 5, 4, 3, 2, ஆனால் படங்கள் தலைகீழாக. எட்டாக மடித்துப் பிரித்து, நடு நீள மடிப்பில் நடுவில் உள்ள இரண்டு பக்கத்தின் அகலத்துக்கு மட்டும், அதாவது 148 மி.மீ., பிளேடால் கீறுங்கள். நீளவாக்கில் மடித்து இரு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் புத்தகம். ஒவ்வொரு பக்கமும் 74க்கு 105 மி.மீ. உங்கள் 88க்கு 110 கட்டத்தை 75 சதவீதமாக்கினால் 66க்கு 82.5, பக்கத்துக்கு ஒரு கட்டம் அழகாக உட்காரும், எழுத்தும் 3 மி.மீ. நிற்கும். முன் பின் அட்டை போக ஆறு கட்டக் கதை. மெஷின் ஓரத்தில் 4, 5 மி.மீ. அச்சாகாது, ஓரத்துப் பக்கங்களில் கட்டத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் அதற்கும் இடம் இருக்கிறது. கடையில் ‘ஃபிட் டு பேஜ்’ (தாளுக்கேற்ப அளவை மாற்றுவது) இல்லாமல் 100 சதவீதத்தில் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மடிப்பும் படமும் விலகும். 80 ஜிஎஸ்எம் தாளே நல்லது. தடித்த தாள் மடிப்பில் முரண்டு பிடிக்கும்.

பாலக்கோட்டுப் பேனா:
ரொம்ப நன்றிங்க. கையெழுத்து சுமார்தான். எழுத்தை மட்டும் கம்ப்யூட்டரில் அடித்துச் சேர்த்தால் தப்பா?

மைக்கூடு:
தப்பில்லை, ஆனால் மெல்லிய அச்செழுத்து பேனாப் படத்தோடு ஒட்டாது. காவிவானர், பலூ தம்பி 2 இரண்டும் கூகுள் எழுத்துருக்களில் இலவசம், கையெழுத்துச் சாயலும் கொஞ்சம் உண்டு. 1080 பிக்சல் படத்தில் 48க்குக் கீழே போக வேண்டாம். ஃபோட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி விழுந்தால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்க்ஸ்கேப் என்கிற இலவச வரைகலை மென்பொருளில் அந்தத் தொல்லையே இல்லை. டிடிபி கடைக்கு ஒருபோதும் திறந்த கோப்பைக் கொடுக்காதீர்கள். அவர்களிடம் அந்த எழுத்துரு இருக்காது, பழைய எழுத்துருவில் திறந்தால் எழுத்துக்குப் பதில் வெற்றுப் பெட்டிகளாக வரும். பிடிஎஃப் கொடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் படமாக இல்லாமல் ஆவணமாக.

என்னைக் கேட்டால் சுமாரான கையெழுத்தே மேல். சொந்தக் கதைக்கு அது பொருந்தும். மேலும் கீழும் 4 மி.மீ.க்குக் கோடு போட்டுக்கொண்டு நிதானமாக எழுதினாலே பாதி சரியாகிவிடும்.

ஓசூர்க் கட்டம்:
வீட்டு ஆட்கள் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சின்ன ஊரில் முகத்தை மாற்றுவதால் மட்டும் பயனில்லை, சுற்றியிருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். கடைப் பெயர்ப்பலகை, பள்ளிச் சீருடை, தெரு முனைக் கோயில் வளைவு, வண்டி எண். டிஎன் 29 வரை எழுதிவிட்டு மீதியை ஆளின் காலால் மறைத்துவிடுங்கள். உறவுப் பெயரே போதும். சின்னம்மா, மாமா என்றால் வாசகருக்கு ஒரு குறையும் இல்லை.

உங்களை வரைய மூன்று அடையாளம் தேர்ந்து கொள்ளுங்கள், தலைமுடி, கண்ணாடி, சட்டைக் காலர் மாதிரி. எல்லாக் கட்டத்திலும் அது மாறக் கூடாது, மூக்கு மாறினால்கூடப் பரவாயில்லை. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு போதும். நோய், கடன், கல்யாணப் பேச்சு இந்த மூன்றும் வருகிற பக்கத்தைப் பென்சில் நிலையிலேயே சம்பந்தப்பட்டவரிடம் காட்டிவிடுங்கள். மை போட்ட பிறகு காட்டினால் மாற்றச் சொல்ல அவர்களுக்கும் மனம் வராது, மாற்ற உங்களுக்கும் மனம் வராது. குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்டாக வேண்டும்.

தகடூர் நகல்:
இதோடு ஒன்று. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, ஒரு நடை போய்ப் பாருங்கள். நம் பக்கத்து மூன்றடுக்கு நடுகல்லில் கீழே சண்டை, நடுவே வீரனை மேலுலகம் கொண்டு போவது, மேலே அவன் அங்கே வீற்றிருப்பது. கீழிருந்து மேலே படிக்க வேண்டிய மூன்று கட்டம், பலூன் ஒன்றுகூட இல்லை. வசனமில்லாமல் ஒரு பக்கம் முயன்று பார்க்கிறீர்கள் என்றால் ஆளின் அளவையும் கையின் நிலையையும் அங்கே கவனியுங்கள்.

அப்புறம், முதலில் ஒரே ஒரு பிரதி போட்டு மடித்துப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள். 4ஆம் பக்கமும் 5ஆம் பக்கமும் இடம் மாறிப்போவதுதான் எல்லோருக்கும் நடக்கும்.