ஹெல்ப் டெஸ்க் வேலைக்குச் சொத்து மேலாண்மை மென்பொருள் கைகொடுக்குமா?

இரவுப்பணியாள்:

வணக்கம். ஏறத்தாழ 600 கணினிகளும் 40 பிரிண்டர்களும் உள்ள ஒரு நிறுவனத்தில், நான்கு பேர் கொண்ட ஹெல்ப் டெஸ்க் குழுவில் வேலை பார்க்கிறேன். டிக்கெட்டுகளுக்கென்று, அதாவது வரும் ஒவ்வொரு புகாரையும் கோரிக்கையையும் பதிந்து தொடர்வதற்கென்று, ஒரு மென்பொருள் இருக்கிறது. கணினிகளின் விவரங்களோ கணக்குப் பிரிவின் கையில் ஓர் எக்செல் கோப்பாக இருக்கின்றன. அந்தக் கோப்பில் வாங்கிய தேதியும் விலையும் பிசகாமல் இருக்கும். எந்த மடிக்கணினி இன்று யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் இருக்காது.

"கணினி மெதுவாக ஓடுகிறது" என்று ஒருவர் அழைத்தால், அவர் கையில் இருப்பது எந்தக் கணினி என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே ஐந்து நிமிடம் கரைந்துவிடுகிறது. மடிக்கணினியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்கிறோம். அவர் மெனக்கெட்டுப் படித்துச் சொல்வது பெரும்பாலும் சீரியல் எண்ணாக இருப்பதில்லை. பேட்டரியின் எண்ணாகவோ வயர்லெஸ் கார்டின் எண்ணாகவோ இருக்கிறது. சென்ற மாதம் ஒரு மடிக்கணினிக்குப் பணம் கொடுத்துத் திரையை மாற்றிய பிறகுதான், அதற்கு வாரண்டி முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது எங்களுக்குத் தெரியவந்தது.

எந்தக் கருவி எங்கே, யாரிடம் இருக்கிறது என்று பதிந்து வைக்கும் சொத்து மேலாண்மை மென்பொருள் ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார் மேலாளர். அது ஹெல்ப் டெஸ்க் வேலையை உண்மையிலேயே எளிதாக்குமா, அல்லது அதே எக்செல் கோப்பு வேறு வீட்டுக்குக் குடிபோவதோடு முடிந்துவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய விசைப்பலகை:

உதவும். ஆனால் பட்டியல் இருப்பதால் மட்டும் உதவாது. டிக்கெட் திரையிலேயே அந்தக் கணினியின் விவரம் தெரிய வேண்டும். தொழில்நுட்பர் இன்னொரு மென்பொருளைத் திறந்து தேட வேண்டியிருந்தால், வேலை நெருக்கும் நேரத்தில் ஒருவரும் திறக்க மாட்டார்கள்.

எங்களிடம் இப்போது அழைப்பவரின் பெயரைத் தட்டினால், அவர் பெயரில் உள்ள கணினிகள், ஒவ்வொன்றின் மாடல், வாரண்டி முடியும் தேதி, நினைவகத்தின் அளவு, வட்டில் மிச்சமிருக்கும் இடம், கடைசியாக மறுதொடக்கம் செய்த நாள், அதே கணினிக்கு முன்பு வந்த டிக்கெட்டுகள் ஆகியவை ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன. "மெதுவாக இருக்கிறது" என்பவரின் கணினி 48 நாளாக மறுதொடக்கம் காணவில்லை என்பதும், வட்டில் 2 ஜிபி மட்டுமே மிச்சம் என்பதும் அவர் பேசி முடிப்பதற்குள் நமக்குத் தெரிந்துவிடும்.

பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் எங்களுக்கு "வெளித்திரை அணைந்து அணைந்து வருகிறது" என்ற புகார் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நாட்களில் அவற்றைக் கையாண்டதால், ஒருவர் கேபிளை மாற்றினார், ஒருவர் திரையையே மாற்றினார், இன்னொருவர் கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு டிக்கெட்டை மூடினார். டிக்கெட்டுகளைக் கணினிகளோடு இணைத்து மாடல் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, எல்லாமே ஒரே மாடல், ஒரே பதிப்பு கிராபிக்ஸ் டிரைவர். டிரைவரைப் புதுப்பித்தோம், புகார் நின்றது. தனித்தனி டிக்கெட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை இது எங்கள் கண்ணில் படவே இல்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவதற்கு முன்பும் இதன் அருமை தெரிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், செயலியும் மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் இருக்க வேண்டும். எந்தெந்தக் கணினிகள் தேறும் என்பதை ஆளாளுக்கு மேசை மேசையாகப் போய்ப் பார்க்காமல், ஒரு வடிகட்டலில் எடுத்தோம்.

மென்பொருளைப் பொறுத்தவரை, திறமூலத்தில் ஜிஎல்பிஐ டிக்கெட், சொத்து இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அதன் 10ஆம் பதிப்பிலிருந்து கணினி விவரங்களைத் தானே திரட்டும் வசதியும் உள்ளேயே வந்துவிட்டது. ஸ்னைப்-ஐடி யாரிடம் எது இருக்கிறது என்பதை அழகாகக் காட்டும், ஆனால் வலையமைப்பில் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைத் தானாகச் செய்யாது. டிக்கெட் மென்பொருளோடு ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு வழி) வழியாக நாம்தான் இணைக்க வேண்டும். எதையும் வாங்குவதற்கு முன், கையில் இருக்கும் டிக்கெட் மென்பொருளிலேயே சொத்துக்கான பகுதி சும்மா கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் கிடக்கிறது.

நெட்வொர்க் நாடோடி:

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். "தானே திரட்டும் வசதி" என்ற சொல்லை மட்டும் சற்று எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்பேன்.

நாங்கள் முதன்முதலில் ஸ்கேன் ஓட்டியபோது முப்பதுக்கும் மேற்பட்ட கணினிகள் ஒரே கணினியாகப் பதிவாகியிருந்தன. காரணம் தேடிப் போனால், அவை உதிரிப் பாகங்களை வாங்கிச் சேர்த்த மேசைக் கணினிகள். சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றிலும் "டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்." என்றே இருந்தது. தயாரித்தவர் பிற்பாடு நிரப்பிக்கொள்ளட்டும் என்று மதர்போர்டில் விட்டுவைத்த வாசகம் அது; யாரும் நிரப்பவில்லை. மென்பொருளோ ஒரே எண் என்றால் ஒரே கணினி என்று நம்பி, ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிக்கொண்டே போனது. ஜிஎல்பிஐயில் இப்படிப்பட்ட பொய் எண்களுக்கென்றே ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

வலையமைப்பு அடாப்டருக்கென்று உள்ள மேக் முகவரியை வைத்து அடையாளம் காண்பதும் ஆபத்துதான். மெல்லிய மடிக்கணினிகளில் வலையமைப்பு கேபிளுக்கு இடம் கிடையாது. ஆகவே யூஎஸ்பி அடாப்டர் ஒன்றைச் செருகி, அதே அடாப்டரால் வரிசையாக இருபது கணினிகளுக்கு விண்டோஸ் ஏற்றுவார்கள். இருபதும் முதன்முதலில் தலைகாட்டுவது ஒரே முகவரியோடுதான். சீரியல் எண்ணையும், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) உள்ள யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது ஓரளவு பாதுகாப்பானது.

கணினிகளுக்கு ஏஜென்ட் (கணினியிலேயே இருந்து விவரங்களை அனுப்பும் சிறு மென்பொருள்) நிறுவுங்கள். வலையமைப்பை மட்டும் ஸ்கேன் செய்தால், வீட்டிலிருந்து வேலை செய்பவரின் மடிக்கணினி அகப்படாது. நமக்கு அதிகமாக அழைப்பு வருவதோ அவர்களிடமிருந்துதான். பிரிண்டர்களுக்கு ஏஜென்ட் தேவையில்லை. வலையமைப்புக் கருவிகளிடம் விவரம் கேட்கும் எஸ்என்எம்பி நெறிமுறை வழியாக டோனர் அளவும் அச்சிட்ட பக்கங்களின் எண்ணிக்கையும் வந்துவிடும்.

மென்பொருள் பட்டியலைச் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதித் திரட்ட நினைப்பவர்களுக்கு ஒரு சொல். விண்டோஸில், நிறுவிய மென்பொருள்களைப் பட்டியலிடும் வின்32_ப்ராடக்ட் வகுப்பைக் கேட்காதீர்கள். கேட்ட மாத்திரத்தில் அது நிறுவப்பட்ட ஒவ்வொரு எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர்) மென்பொருளையும் சரிபார்க்கத் தொடங்கும், சிலவற்றைப் பழுதுபார்க்கவும் முனையும். பட்டியல் எடுக்கப் போய்ப் புது டிக்கெட்டுகளை நாமே வரவழைத்த கதை ஆகிவிடும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அன்இன்ஸ்டால் பகுதியைப் படிப்பதே போதும்.

இரவுப்பணியாள்:

இருவருக்கும் நன்றி. கணினியை அடையாளம் காண்பது புரிகிறது. ஆளை எப்படி இணைப்பது? கடைசியாக உள்நுழைந்தவரை ஏஜென்ட் சொல்லும் என்றார்கள். எங்களிடம் மூன்று பேர் முறை வைத்துப் பயன்படுத்தும் கணினிகளும் உள்ளன. தவிர, முன்பு ஒருமுறை நாங்களே முனைந்து ஒரு பட்டியல் தயாரித்தோம். மூன்றே மாதத்தில் அதை நம்ப முடியாமல் போய்விட்டது.

பதிவேட்டுக்காரன்:

பட்டியல் ஏன் மூன்று மாதத்தில் கெட்டது என்ற கேள்விக்கு விடை கிடைத்தால், மற்றவை தாமாகச் சரியாகிவிடும். நான் பார்த்த இடங்களில் காரணம் ஒன்றே. தவறைக் கண்ணால் காண்பவர் ஹெல்ப் டெஸ்க் தொழில்நுட்பர். திருத்தும் உரிமை வைத்திருப்பவர் வேறொருவர். மேசைக்குப் போகும் தொழில்நுட்பர், பதிவேட்டில் ஒரு பெயரும் நாற்காலியில் வேறொருவரும் இருப்பதைப் பார்க்கிறார். திருத்த வேண்டுமென்றால் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பதால், பேசாமல் வேலையை முடித்துவிட்டு வருகிறார். ஒரு வாரத்துக்கு நாலைந்து முறை இப்படி நடந்தால் பதிவேடு எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே விலை, தேய்மானம், பற்றுச்சீட்டு ஆகியவை கணக்குப் பிரிவிடமே இருக்கட்டும். யாரிடம், எங்கே, எந்த நிலையில் என்ற மூன்றும் ஹெல்ப் டெஸ்க்கின் பொறுப்பில் வரட்டும். இரண்டு பதிவேடுகளையும் கட்டிப்போடும் கயிறாக, கணினியில் ஒட்டிய சொத்து எண் ஒன்றிருந்தால் போதும்.

கணினி கைமாறுவது எப்போது என்று எண்ணிப் பாருங்கள். புதிதாக ஒருவர் சேரும்போது, பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது, பழுதுக்குக் கொடுத்துவிட்டு மாற்றுக் கணினி எடுத்துப்போகும்போது, வேலையை விட்டு விலகும்போது. இந்த நான்கும் ஏற்கெனவே உங்களிடம் டிக்கெட்டாக வருகின்றன. இந்த நான்கு வகை டிக்கெட்டுகளைச் சொத்து எண் இல்லாமல் மூட முடியாது என்று மென்பொருளில் விதி வைத்துவிடுங்கள். தனியாகப் பட்டியலைப் புதுப்பிக்கும் நாள் என்று ஒன்று தேவைப்படாது.

இவற்றில் மிகவும் ஏமாற்றுவது மூன்றாவது. மாற்றுக் கணினி "இரண்டு நாளைக்கு" என்று போகும். பழுதான கணினி திரும்பி வரும்போது, அவர் மாற்றுக் கணினியில் எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டிருப்பார். அதையே வைத்துக்கொள்கிறேன் என்பார். பழுது நீங்கியது அலமாரிக்குப் போகும். ஆறு மாதம் கழித்து அதே கணினி இன்னொருவருக்கு மாற்றாகப் போகும். அப்போது பதிவேட்டில் இருவருடைய விவரமும் தவறாக இருக்கும். எங்கள் அலமாரிக் கதவில் இப்போது ஒரு பார்கோடு வாசிப்பான் தொங்குகிறது. எடுத்தாலும் வைத்தாலும் ஒரு "பீப்" கேட்டாக வேண்டும்.

கடைசியாக உள்நுழைந்தவர் என்பதை உரிமையாளர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைத் தடயமாக மட்டும் வையுங்கள். பதிவேட்டில் உள்ள பெயரும் கடைசி 30 நாளில் உள்நுழைந்தவரின் பெயரும் பொருந்தாத கணினிகளை வாரம் ஒருமுறை பட்டியலிட்டால், விசாரிக்க வேண்டியவை மட்டும் மேலே வந்து நிற்கும். மூன்று பேர் பயன்படுத்தும் கணினியை ஆள் பெயரில் எழுதாமல் இடத்தின் பெயரில் எழுதுங்கள்.

கட்டங்களைக் குறைவாக வையுங்கள். நாங்கள் முதலில் நாற்பதுக்கும் மேல் வைத்தோம். மடிக்கணினியின் நிறத்துக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. இன்று பதினொன்றுதான் இருக்கிறது, ஒருவரும் குறைப்பட்டதில்லை. கழித்துக்கட்டிய கணினியின் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். நிலையை மாற்றி, வட்டில் இருந்த தரவு எப்போது, யாரால், எந்த முறையில் அழிக்கப்பட்டது என்று எழுதி வையுங்கள். தணிக்கையில் அந்த ஒரு வரியைத்தான் கேட்பார்கள்.

வடமுனை:

சொத்து எண் இல்லாமல் டிக்கெட்டை மூட முடியாது என்ற விதியை எல்லா டிக்கெட்டுக்கும் நீட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் அப்படிச் செய்தோம். கடவுச்சொல்லை மறந்தவருக்கு எந்தக் கணினியைச் சொல்வது? தொழில்நுட்பர்கள் தேடுபெட்டியில் முதலில் வந்து விழும் கணினியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனார்கள். ஆண்டு இறுதி அறிக்கையில், எங்கள் நிறுவனத்திலேயே மிக மோசமான கணினி "சோதனைக் கணினி 01" என்று வந்து நின்றது. அது பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டதே இல்லை.

இன்னொன்று. சொத்து என்று பேச்செடுத்தால் யாராவது சிஎம்டிபி வேண்டும் என்பார்கள். எந்தச் சேவை எந்தச் சர்வரை நம்பி நிற்கிறது என்ற உறவு வரைபடம் அது. ஐடி சேவை மேலாண்மைக்கான வழிகாட்டித் தொகுப்பான, 2019இல் வந்த ஐடிஐஎல் 4, சொத்து மேலாண்மையையும் சேவைக் கட்டமைப்பு மேலாண்மையையும் இரண்டு தனித்தனி நடைமுறைகளாகவே வைத்திருக்கிறது. மடிக்கணினி யாரிடம் என்று தெரியாத நிலையில் அந்த வரைபடத்தைத் தொடங்கினால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும். சர்வர்களுக்கு அது பிறகு வரட்டும்.

பதிவேட்டுக்காரன்:

சரியாகச் சொன்னீர்கள். நான் அந்த நான்கு வகைகளுக்கு மட்டுமே கட்டாயம் என்கிறேன். வன்பொருள் பழுதுக்கும் சேர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் அங்கே கணினி இல்லாமல் பழுது இல்லை. மற்றவற்றில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதே உண்மையான விவரம்.

இரவுப்பணியாள்:

பார்த்துவிட்டேன். எங்கள் டிக்கெட் மென்பொருளில் சொத்துப் பகுதி இருக்கிறது. இத்தனை நாள் யாரும் திறக்கவில்லை. முதலில் ஒரு தளத்தில் உள்ள 80 கணினிகளோடு தொடங்க மேலாளர் ஒப்புக்கொண்டார். கணக்குப் பிரிவும் மூன்று கட்டங்களை விட்டுக்கொடுக்க இசைந்திருக்கிறது, சற்று முகத்தைச் சுளித்தபடி. கடைசியாக ஒரு சின்னக் கேள்வி: ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது?

பழைய விசைப்பலகை:

அடியில் வேண்டாம், சூட்டில் பசை இளகும், படிக்கவும் கவிழ்க்க வேண்டும். கழற்றக்கூடிய பேட்டரியின் மேலும் வேண்டவே வேண்டாம், அது வேறு கணினிக்குப் போய்விடும். விசைப்பலகைக்குக் கீழே, மணிக்கட்டு உராயாத ஓரத்தில் ஒன்று ஒட்டுங்கள். டாக்கில் (வெளித்திரையோடு இணைக்கும் பீடம்) மூடியே கிடக்கும் மடிக்கணினிகளுக்கு மூடியின் மேல் ஒன்று. அதே எண்ணைக் கணினியின் பெயராகவும் வைத்து, பிஜிஇன்ஃபோ போன்ற கருவியால் திரையின் மூலையில் தெரியும்படி செய்துவிட்டால், "திரையில் மேலே வலது பக்கம் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாலே போதும். திரையே வேலை செய்யாதவருக்குத்தான் ஸ்டிக்கர்.