மறு: சூடு வைத்து ஆடையில் படம் பதிப்பதற்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'வெப்பமாற்று அச்சு' போதாதா?

போதாது ஐயா. அதைப் படிப்பவர் ஏதோ வெப்பம் ஓரிடம் விட்டு ஓரிடம் போவதாகத்தான் நினைப்பார். இங்கே இடம் மாறுவது படம். காகிதத்திலோ படலத்திலோ இருப்பது, சூட்டிலும் அழுத்தத்திலும் துணிக்கு வந்துவிடுகிறது. பாட்டி முழங்காலுக்குக் கொடுத்த ஒற்றடத்தை நினைத்துப் பாருங்கள்: சூடு, அழுத்தம், கொஞ்ச நேரம். ஹீட் பிரஸ் என்ற, சூடாக்கி அழுத்தும் பொறியில் நாங்கள் திருகி வைப்பதும் இதே மூன்றைத்தான். அதனால் பொதுப்பெயராக 'சூட்டொற்று' என்கிறேன்.

உள்வகைகளைப் பிரிக்க எனக்குப் பாடம் சொன்னது ஒரு நஷ்டம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், வீட்டு கராஜில் ஒரு பிரஸ் வைத்திருக்கிறேன். ஒரு தைப்பூசக் காவடிக்குச் சிவப்பு பாலியஸ்டர் சட்டை நாற்பது. நெஞ்சில், சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் படலமான வினைலில் வெட்டிய வெள்ளை வேல். ஒட்டி எடுத்தபோது பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலை பார்த்தால் வேல் முழுக்க ரோஸ்மில்க் நிறம்! பிரஸ்ஸின் சூட்டில் சட்டையின் சிவப்புச் சாயமே ஆவியாகி வெள்ளைக்குள் ஏறிவிட்டது. சூட்டைக் குறைத்திருக்க வேண்டும், அல்லது சாயத்தைத் தடுக்கும் அடுக்குள்ள வினைல் வாங்கியிருக்க வேண்டும்.

வினைலில் பிழையாக நடந்த இதையே சப்ளிமேஷனில் தொழிலாகச் செய்கிறோம். காகிதத்தில் இடவலம் மாற்றி அச்சிட்ட சாயம், 200 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு நிமிடத்துக்குள் உருகாமலே ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள் புகுந்துகொள்கிறது. விரலால் தடவினால் துணி மட்டும்தான் தெரியும். பருத்தியில் நிற்காது. வெள்ளைச் சாயம் கிடையாது, ஆகவே கறுப்புச் சட்டைக்கு ஆகாது. சாயம் ஏறுவதால் இதை 'ஏறொற்று' எனலாம். வினைலும், படத்தை அச்சிட்டுப் பசைத்தூள் தூவி எடுக்கும் டிடிஎஃப் (டைரக்ட் டு ஃபிலிம்) படலமும் துணிமேல் தோலாக உட்காருபவை. பருத்திக்கும் ஆகும், கறுப்புக்கும் ஆகும். அவை 'ஒட்டொற்று'.

> சப்ளிமேஷனுக்குப் 'பதங்கமாதல்' என்ற சொல்தான் இருக்கிறதே?

வேதியியல் வகுப்பில் இருக்கட்டும். சட்டை வாங்க வருகிறவருக்கு, படம் ஏறியிருக்கிறதா ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்தால் போதும். உரியுமா உரியாதா என்பது அதில்தானே இருக்கிறது.

> ஒற்று என்றால் மெய்யெழுத்து, உளவு என்றெல்லாம் பொருள் வருமே?

அச்சுக்கடையில் யார் குழம்பப் போகிறார்கள் என்றுதான் நானும் இருந்தேன். நேற்று பிரஸ்மேல் 'ஒற்றுப்பொறி' என்று எழுதி ஒட்டினேன். மாலைத் தமிழ் வகுப்புக்குப் போகும் என் மகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது ஸ்பை மெஷினாப்பா?" என்று கேட்டாள். அந்தப் பொறிக்கு மட்டும் வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள்.