சில்ட் கலந்த மணல்: 30 சதவீதத்தில் திரவமாதல் முடிவுகள் பொருந்தவில்லை

நீர் நிறைந்த மண் அதிர்வில் வலுவிழந்து திரவம்போல் ஆவதுதான் திரவமாதல். அதைப் பார்க்க, நுண்மணலில் பிளாஸ்டிசிட்டி (களிமண் போன்ற குழைவு) இல்லாத சில்ட்டை, அதாவது மணலைவிட நுண்ணிய வண்டல் துகளைக் கலந்து சைக்ளிக் ட்ரையாக்சியல் சோதனை (சுற்றழுத்தத்தில் வைத்த மாதிரி மேல் மாறி மாறிச் சுமை ஏற்றுவது) நடக்கிறது. வெற்றிட விகிதத்தை (துகள்களின் கனஅளவுக்கு அவற்றின் இடைவெளி எவ்வளவு என்பது) மாற்றாமல் சில்ட்டைக் கூட்டக் கூட்ட திரவமாதலுக்கான எதிர்ப்பு இறங்குகிறது, 30 சதவீதத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறுகிறது. அது எதிர்பார்த்ததுதான். எல்லாக் கலவைகளையும் ஒரே வளைகோட்டில் கொண்டுவர முடியவில்லை என்பதே சிக்கல்.

மாதிரி 50 மிமீ விட்டம், 100 மிமீ உயரம், ஈரமாக அடுக்கடுக்காக இடித்தது. சுற்றழுத்தம் 100 கிலோபாஸ்கல், அதிர்வெண் 0.1 ஹெர்ட்ஸ். சில்ட் 0, 10, 20, 30, 40 சதவீதம். அச்சுத் திரிபின் இரட்டை வீச்சு 5 சதவீதம் ஆனால் திரவமானதாகக் கணக்கு.

கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, பின்னழுத்தம் கொடுத்து, ஸ்கெம்ப்டன் குணகம் (மாதிரியில் நீர் முழுதாக நிறைந்ததா எனக் காட்டும் எண்) 0.95ஐத் தாண்டிய பிறகே சுமை ஏற்றினோம். தளர்வான சில்ட் கலவை நீர் ஏறும்போதே அமுங்கிவிடும், மாதிரி வார்த்த அச்சின் அளவை நம்ப முடியாது. அதனால் சோதனை முடிந்ததும் மாதிரியை உறையவைத்து, ஈரப்பதத்திலிருந்து வெற்றிட விகிதம் எடுத்தோம். ஒப்படர்த்தியை (மிகத் தளர்வான, மிக நெருக்கமான நிலைகளுக்கு நடுவே மண் எங்கே இருக்கிறது என்ற அளவு) வைத்தும் ஒப்பிட்டோம். ஆனால் அதற்கான உச்ச அடர்த்தியை எடுக்கும் ஏஎஸ்டிஎம் டி4253 அதிர்வுமேசை முறை 15 சதவீத நுண்துகள் வரைக்கும்தான், அதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பெரிய அர்த்தமில்லை.

கடைசியாக, சமான மணல் வெற்றிட விகிதம்: சில்ட்டில் ஒரு பகுதி மட்டுமே சுமை தாங்குகிறது என்று வைத்துக் கணக்கிடுவது. விசைச் சங்கிலியில் (துகளிலிருந்து துகளுக்குச் சுமை கடத்தும் தொடர்) சில்ட்டின் பங்கைக் குறிக்கும் காரணியை 0.25 என மாறிலியாக வைத்தால் 20 சதவீதம் வரை புள்ளிகள் ஒரே கோட்டில் விழுகின்றன. 30 தனியே விலகி நிற்கிறது.

30 சதவீதக் கலவைக்கு இந்தக் காரணியைத் துகள் அளவு விகிதத்தோடும் சில்ட் அளவோடும் மாறவிட வேண்டுமா, அல்லது அதை மணல் கட்டமைப்பாகவே கருதாமல் சில்ட்டின் வெற்றிட விகிதத்துக்கு மாற வேண்டுமா?