கடினமாக உழைக்கும் ஒரு ஜூனியர்: டீம் முழுக்க அது எப்படிப் பரவும்?

கடைசி லெக் (கேள்வி)

கல்லூரி 4×400 ரிலே டீமில் கடைசி லெக் ஓடுகிறேன், கேப்டனும் நான்தான். எங்கள் டீமில் ஒரு ஜூனியர் இருக்கிறாள். வேகத்தில் எங்கள் எல்லோரையும் விடக் கொஞ்சம் பின்னால்தான். ஆனால் அவள் பிராக்டீஸ் செய்வதைப் பார்க்க வேண்டும். 300 மீட்டர் ரிப்பீட்டில் (அதே தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓடும் பயிற்சி) நாங்கள் எல்லோரும் கோடு வருவதற்குள் வேகத்தைக் குறைத்துவிடுவோம். அவள் கோட்டைத் தாண்டிய பிறகுதான் குறைப்பாள், கடைசி ரிப்பீட் வரைக்கும் அப்படித்தான். தேர்வு வாரத்தில்கூட மைதானத்துக்கு முன்கூட்டியே வந்து, வார்ம்-அப் தொடங்கும் வரை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்து இரண்டு பேர் நிஜமாகவே மாறிவிட்டார்கள். மற்றவர்களுக்கு எரிச்சல். "அவளைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று கோச் தினமும் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து அது இன்னும் கூடிவிட்டது. இப்போது அவளே ஒதுங்கித் தனியாக ஓடுகிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் என்ன செய்யலாம்?

வலது விங்

ஹாக்கி ஆடுகிறேன். முதலில் கோச்சிடம் தனியாகப் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் ஒருத்தரை ஒப்பிட்டுப் பேசினால், கேட்பவர்களுக்குக் கோபம் அந்த ஒருத்தர் மேல்தான் வரும்.

பழைய 800

கேப்டன், நான் 800 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன், இப்போது மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். உங்கள் ஜூனியர் மாதிரி ஒருத்தர் கிடைப்பது பெரிய கொடுப்பினை. அதிலும் அவள் டீமிலேயே வேகமானவளாக இல்லாதது இன்னும் நல்லது. நட்சத்திர ஓட்டக்காரர் உழைத்தால், "அவருக்குத் திறமை இருக்கு, செய்யறார்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நம் அளவு வேகமே உள்ளவள் உழைத்தால் அந்தச் சாக்கு எடுபடாது.

1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பெர்லினில் படகு வலிக்கும் வீரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். தனியாக எடை தூக்குவதை விட, ஜோடியாகச் சேர்ந்து தூக்கும்போது பலம் குறைந்தவர் அதிக நேரம் தாக்குப்பிடித்தார். நம்மால் ஜோடி தோற்கக் கூடாது என்ற எண்ணம்தான். ஆனால் இருவருக்கும் இடையே வித்தியாசம் ஓரளவு இருந்தபோதுதான் இது நன்றாக வேலை செய்தது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றால் பலன் குறைந்துவிட்டது.

அதனால் அவளைத் தனியாக ஓட விடாதீர்கள். ஒவ்வொரு ரிப்பீட்டுக்கும் ஜோடி போடுங்கள், ஜோடியை வாரா வாரம் மாற்றுங்கள். இருவரில் பின்னால் வருபவரின் நேரத்தைத்தான் ஜோடியின் நேரமாக எழுத வேண்டும். முன்னால் போகிறவர் கூட ஓடுபவரை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும், பின்னால் வருபவரும் விட்டுவிட மாட்டார். கோட்டைத் தாண்டி ஓடும் பழக்கம் பக்கத்தில் ஓடுகிறவருக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும். கோச் நூறு தடவை சொன்னாலும் வராதது அது.

ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய ரோஜர் பேனிஸ்டர் கதையையும் டீமிடம் சொல்லுங்கள். 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியபோது அவர் மருத்துவ மாணவர். முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தவர்கள் கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும், முதலில் ஒருவர், அப்புறம் இன்னொருவர். மூவரும் அதற்கு முன்பிருந்தே சேர்ந்து பயிற்சி செய்தவர்கள். மூவரில் மைல் ஓட்டத்தில் வேகம் குறைந்தவர் பிராஷர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் (தடைகளைத் தாண்டி ஓடும் ஓட்டம்) தங்கம் வாங்கியது அவர்தான். தன்னை விட வேகமான அந்த இருவரோடு அத்தனை நாள் ஓடியது வீண்போகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

முதல் பெஞ்ச்

எங்கள் நீச்சல் டீமில் அந்த "அவள்" நான்தான். கோச் என் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று தோன்றும். ஒரு நாள் சீனியர் அக்கா ஒருத்தர் வந்து, "டர்ன்ல சுவரை எப்படி உதைக்கறே, காட்டு" என்று கேட்டார். காட்டினேன். அடுத்த நாள் மூன்று பேர் கேட்டார்கள். அன்றிலிருந்து நான் டீமில் ஒருத்தி. அவளிடம் நீங்களே ஏதாவது கேளுங்கள் அக்கா, கேப்டன் கேட்டால் மற்றவர்களுக்கும் கேட்கக் கூச்சம் இருக்காது.

பழைய 800

முதல் பெஞ்ச் சொன்னது என் யோசனையை விட நல்லது. இன்னொன்று: மாறிவிட்ட அந்த இரண்டு பேரைக் கவனியுங்கள். ஆர்வத்தில் ஓட்டத்தின் அளவை ஒரேயடியாகக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வரலாம். அவளைப் போல நேரத்துக்கு வரட்டும், கோட்டைத் தாண்டட்டும், நன்றாகத் தூங்கட்டும். எத்தனை ரிப்பீட் என்பதைக் கோச் முடிவு செய்யட்டும்.

கடைசி லெக்

நன்றி அண்ணா, எல்லோருக்கும் நன்றி. கோச்சிடம் பேசிவிட்டேன், ஜோடி யோசனைக்குச் சரி என்றார். முதல் வாரம் நான் அவளோடு ஓடுகிறேன். கடைசி 50 மீட்டரில் என் தோள்கள் இறுகிவிடும், அவளுக்கு அப்படி ஆவதில்லை. அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.